மூத்தோர் குடியிருப்பில் வீடு வாங்குகிறீர்களா? ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை என்ன?

பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ பணிபுரிய, பெற்றோர் மட்டும் தனித்து வாழும் குடும்பங்கள் தென் மாநிலங்களில் பெருகி வருகின்றன. உணவு, துப்புரவு, காவல், அவசர மருத்துவ உதவி ஆகியவற்றை ஒரே வளாகத்தில் பெறும் நோக்கில், அவர்களில் வசதி உள்ளோர் மூத்தோர் குடியிருப்புகளை நாடுகின்றனர். வாழ்நாள் சேமிப்பின் பெரும்பகுதியைக் கேட்கும் இந்த முடிவைப் பலர் தோட்டத்தையும் கட்டடத்தையும் பார்த்தே எடுக்கின்றனர். ஆனால் அங்கு உண்மையில் வாங்கப்படுவது அடுத்த 20 ஆண்டுகளுக்கான சேவை. அது எழுத்தில் எவ்வாறு உறுதி செய்யப்பட்டுள்ளது என்பதே முதன்மையான கேள்வி.

மத்திய அரசின் மக்கள்தொகை கணிப்பின்படி, 2021-இல் தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 13.6 சதவீதம். இது 2031-இல் 18.2 சதவீதமாக உயரும். கேரளத்துக்கு அடுத்த நிலையில் தமிழகம் உள்ளது.

இந்தியாவில் மூத்தோர் குடியிருப்புகள் அதிகம் உருவான நகரங்களுள் கோவை முன்னணியில் உள்ளது. மிதமான தட்பவெப்பம், பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம், சென்னை, பெங்களூருவைவிடக் குறைந்த நிலவிலை ஆகியவை இதற்குக் காரணங்கள்.

சட்டம் எதுவரை காக்கும்?

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா) வீடு வாங்குவோருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் எழுதாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. கட்டமைப்புக் குறைகளை 5 ஆண்டுகள் வரை கட்டுநரே சரிசெய்து தர வேண்டும். எனவே திட்டத்தின் பதிவு எண்ணை மாநில ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பது முதல் படி.

எனினும், இச்சட்டம் கட்டுமானத்தையே மையமாகக் கொண்டது. குடியேறிய பின் வழங்கப்படும் உணவின் தரம், செவிலியர் எண்ணிக்கை, மாதக் கட்டணம் ஆகியவற்றை அது நேரடியாக ஒழுங்குபடுத்துவதில்லை. வாடகைக்குக் குடியிருப்போர் இச்சட்டத்தின் கீழ் வீடு பெற்றவராகக் கருதப்படுவதும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப, மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2019-இல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வீடு பெறுபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை அது பரிந்துரைக்கிறது. மாநிலங்கள் ஏற்றால்தான் இவ்வழிகாட்டுதல்கள் நடைமுறைக்கு வரும். மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2024-இல் இத்தகைய விதிகளைக் கட்டாயமாக்கியது. சக்கர நாற்காலி எளிதில் செல்ல, கதவுகள் குறைந்தது 900 மி.மீ. அகலம் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

கட்டுநர் வளாகத்தை ஒப்படைத்துவிட்டு விலகிய பின் சமையற்கூடத்தையும் மருத்துவ அறையையும் நடத்துவது யார், சேவை நிறுவனத்தை மாற்றும் உரிமை குடியிருப்போர் சங்கத்துக்கு உண்டா என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட சேவையில் குறைபாடு இருந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அங்கும் விளம்பரத் துண்டறிக்கையைவிடக் கையெழுத்திட்ட ஒப்பந்தமே வலுவான சான்று.

மருத்துவமனை எவ்வளவு தொலைவு?

கர்நாடகத்தின் ஹனூர் போன்ற மலையடிவாரச் சிற்றூர்களின் அமைதி ஓய்வுக்காலத்துக்கு ஏற்றதாகத் தோன்றலாம். ஆனால் அங்கிருந்து கொள்ளேகால் நகரம் சுமார் 25 கி.மீ. தொலைவில் உள்ளது. பெரிய மருத்துவமனைகள் உள்ள மைசூரு 80 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு தொடர்புடையது. ஆகவே எந்த ஊரைத் தேர்ந்தாலும், இதய, நரம்பியல் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு இரவு நேரத்தில் எவ்வளவு விரைவில் சென்றடைய முடியும் என்பதை நேரில் பயணித்து அறிவது நல்லது. வளாகத்திலேயே ஆம்புலன்ஸ் நிற்கிறதா, வெளியிலிருந்து அழைக்கப்படுகிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

நடமாட இயலாத நிலை வந்தால்?

பெரும்பாலான குடியிருப்புகள், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் முதியோரை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை. குளிக்கவும் உண்ணவும் துணை தேவைப்படும் நிலையிலும், மறதி நோய் வந்த பின்னரும் அங்கேயே தொடர முடியுமா என்பதைப் பலர் கேட்பதில்லை. 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கின்றனர். இத்தகைய பராமரிப்பு வளாகத்தில் கிடைக்குமா, அதற்கான தனிக் கட்டணம் எவ்வளவு, எந்த நிலையில் வெளியேறுமாறு கூறப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மறைந்தால் மற்றவரின் உரிமையும் கட்டணமும் எவ்வாறு மாறும் என்பதும் முக்கியம்.

கட்டணமும் வருமானமும்

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம் ரூபாயைச் செலுத்தினால், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் கிடைக்கும். மாதக் கணக்கில் இது 20,500 ரூபாய். முதிர்வுக் காலம் வரை இத்தொகை மாறாது. ஆனால் இன்று 25,000 ரூபாயாக உள்ள ஒரு மாதக் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்வதாகக் கொண்டால், 10 ஆண்டுகளில் ஏறத்தாழ 54,000 ரூபாயாகும். 15 ஆண்டுகளில் அது 79,000 ரூபாயைத் தாண்டும். எனவே கட்டண உயர்வுக்கு வரம்பு உண்டா, அதை யார் முடிவு செய்வர் என்பது வீட்டின் விலைக்கு இணையான கேள்வியாகும்.

70 வயது நிறைந்தோருக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சை 2024 அக்டோபர் முதல் வழங்கப்படுகிறது. நீண்டகாலப் பராமரிப்புச் செலவுக்கு இதை நம்பியிருக்க இயலாது.

வெளியேறும் வழி

சொந்தமாக வாங்குதல், வைப்புத்தொகை செலுத்திக் குத்தகைக்கு இருத்தல், மாத வாடகை என மூன்று முறைகள் உள்ளன. சொந்த வீடு எனில், வாரிசுகளுக்கு உரிமை சேரும். ஆனால் வயது வரம்பு உள்ள வளாகங்களில் அவர்கள் குடியிருக்க முடியாமல் போகலாம். விற்கும்போதும் வாங்குபவருக்கு அதே வரம்பு பொருந்தும். வைப்புத்தொகை முறையில், எவ்வளவு பிடித்தம் செய்யப்படும், மீதி எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

பழைய வீட்டை உடனே விற்பதோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பதோ அவசரமாக எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அளித்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழிசெய்கிறது. இப்பிரிவின் கீழ் தீர்ப்பாயங்கள் சொத்தைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடலாம் என உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. எனினும் நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பதே பாதுகாப்பு.

பணம் செலுத்தும் முன், சில வாரங்களாவது அதே வளாகத்தில் வாடகைக்குத் தங்கிப் பார்ப்பதும், பல ஆண்டுகளாக அங்கு வசிப்போரிடம் விசாரிப்பதும், ஒப்பந்த வரைவை வழக்கறிஞரிடம் காட்டுவதும் பயன் தரும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567-இல் சட்ட ஆலோசனையும் வழிகாட்டுதலும் இலவசமாகப் பெறலாம்.