கணினித் தொழில்நுட்பர் சான்றிதழ்த் தேர்வில் நலிந்த பகுதிகளை இனங்காணல்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கற்போரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினித் தொழில்நுட்பர் சான்றிதழ்த் தேர்வுக்குப் பயில்வோர் பலர், மாதிரித் தேர்வில் பெறும் மொத்த மதிப்பெண்ணையே தம் ஆயத்தநிலையின் அளவுகோலாகக் கொள்கின்றனர். மொத்த மதிப்பெண் என்பது பழுதடைந்த கணினி காட்டும் அறிகுறியைப் போன்றது. பழுது இருக்கும் இடத்தை அது சுட்டுவதில்லை. கணினியின் பழுதைக் கண்டறியப் பயன்படும் முறையையே கற்பவர் தம் அறிவின் குறைகளைக் கண்டறியவும் கையாளலாம் என்பதைக் காம்ப்டியா ஏ பிளஸ் தேர்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

குறிச்சொற்கள்: சான்றிதழ்த் தேர்வு, பழுதறிதல், மாதிரித் தேர்வு, பிழைப் பகுப்பாய்வு, நன்னூல்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் அமைந்தவை இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். 1936இல் தொடங்கப்பெற்ற இராஜபாளையம் மில்ஸ் முதலான நூற்பாலைகள், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி நெசவு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா ஆகியவை இவ்வட்டாரத் தொழில்களின் அடையாளங்கள். ஆலை அலுவலகக் கணக்கு முதல் பால்கோவாக் கடையின் பில் வரை கணினியின் வழியே நடைபெறுவதால், அதனைப் பழுதுநீக்கும் தொழில்நுட்பரின் தேவை இவ்வூர்களில் நிலையானது.

இராஜபாளையத்தின் பி.ஏ.சி. இராமசாமி ராஜா பாலிடெக்னிக், கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கலசலிங்கம் ஆகியவற்றின் வழியாகத் தொழில்நுட்பக் கல்வி பெறுவோர் ஒருபுறம். பழுதுநீக்கும் கடைகளில் கைப்பழக்கத்தால் தேறுவோர் மறுபுறம். இவ்விரு திறத்தாரும் ஒரே சான்றிதழை நாடும்போது, அவர்தம் நலிவுகள் ஒரே இடத்தில் அமைவதில்லை.

தேர்வின் அமைப்பும் நலிவு மறையும் இடமும்

தொழிற்பயிற்சி நிலையங்களின் தேசியத் தொழிற்சான்றிதழுக்குச் செய்முறையில் 60 விழுக்காடும் எழுத்துமுறைப் பாடங்களில் 33 விழுக்காடும் பெற்றால் தேர்ச்சி. கைத்திறனுக்கு முதன்மை தரும் இவ்வமைப்புத் தொழிற்கல்விக்குப் பொருந்துவதே. எனினும், கருத்தியற் பகுதியில் மூன்றில் இருபங்கை விட்டுவிட்டும் ஒருவர் தேர்ச்சி பெற இயலும் என்பதும் உடன் நோக்கத்தக்கது. அந்த வெற்றிடத்தோடு அவர் அடுத்த தேர்வை எதிர்கொள்கின்றார்.

காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ் கோர் 1, கோர் 2 என்னும் இரு தேர்வுகளைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 வினாக்கள். தேர்ச்சிக்குக் கோர் 1இல் 675, கோர் 2இல் 700 புள்ளிகள் வேண்டும். இப்புள்ளிகள் 100 முதல் 900 வரையிலான அளவில் அமைந்தவை. எனவே 675ஐ 900ஆல் வகுத்து, 75 விழுக்காடு போதும் என்று கணக்கிடுவது பிழையானது; மாணவர்களிடம் இக்கணக்கு மிகுதியாகப் புழங்குகின்றது. தோல்வியுற்றவர் மீண்டும் எழுத முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். மூன்றாம் முயற்சிக்கு 14 நாள்கள் காத்திருக்கவும் வேண்டும். கடை ஊதியத்திலிருந்து கட்டணம் செலுத்தும் இளைஞருக்கு இது சிறு இழப்பன்று.

மொத்தத்தைப் பிரித்தல்

2025 மார்ச்சில் வெளியான பதிப்பின்படி, கோர் 1 தேர்வில் கையடக்கக் கருவிகள் 13, வலையமைப்பு 23, வன்பொருள் 25, மெய்நிகராக்கமும் மேகக் கணிமையும் 11, வன்பொருள்-வலையமைப்புப் பழுதறிதல் 28 விழுக்காடு என்னும் பங்கீடு உள்ளது. இப்பங்கீட்டில் அமைந்த 90 வினாக்கள் கொண்ட மாதிரித் தேர்வில் ஒருவர் 63 வினாக்களுக்குச் சரியாக விடையளித்தார் எனக் கொள்வோம்: கையடக்கக் கருவிகளில் 12க்கு 10, வலையமைப்பில் 21க்கு 11, வன்பொருளில் 22க்கு 20, மெய்நிகராக்கத்தில் 10க்கு 4, பழுதறிதலில் 25க்கு 18.

இவருடைய நலிந்த பகுதி எது? விழுக்காட்டை நோக்கினால் மெய்நிகராக்கம். இழந்த வினாக்களை நோக்கினால் வலையமைப்பு. அங்கு 10 வினாக்கள் போயின. பழுதறிதலில் இழந்த ஏழனுள் நான்கு வலையமைப்பைச் சார்ந்தவை எனத் தெரியவந்தால், இழப்பு 14 ஆகின்றது. அதாவது, தவறிய 27 வினாக்களுள் பாதிக்கு மேற்பட்டவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை. தேர்வு வாரியம் இட்ட பகுதித் தலைப்பும் கற்பவரின் குறை அமைந்த இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மெய்நிகராக்கத்தில் கிடைத்த நான்கும் ஐயத்துக்குரியவையே. நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணைமூடித் தொட்டாலும் பத்துக்கு இரண்டு அல்லது மூன்று சரியாக அமையும்.

ஆதலின் ஒவ்வொரு விடையின் அருகிலும் ‘உறுதி’, ‘ஐயம்’ என்னும் இரண்டனுள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஐயத்தோடு சரியானவை மறைந்த நலிவுகள். உறுதியோடு தவறானவை அவற்றினும் தீயவை. தெரியும் என்று கருதிய ஒன்றை எவரும் மீண்டும் படிப்பதில்லை.

பிழையின் வகை

பகுதியைக் கண்டபின் பிழையின் தன்மையைக் காண வேண்டும். ஆலை அலுவலகக் கணினி ஒன்று வலையமைப்பில் சேரவில்லை; அதன் ஐ.பி. முகவரி 169.254 எனத் தொடங்குகின்றது. கடையில் பழகிய இளைஞர் ரவுட்டரை அணைத்துப் போடுகின்றார். பல வேளைகளில் அது சரியாகிவிடுகின்றது. கணினிக்கு டி.எச்.சி.பி. வழங்கியிடமிருந்து முகவரி கிட்டாததால் அது தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்னும் காரணத்தை அவர் அறிந்திருக்கத் தேவை நேர்ந்ததில்லை. தேர்வோ அக்காரணத்தையே வினவுகின்றது. இங்குக் கைத்திறனே கருத்தியல் நலிவை மறைக்கும் திரையாகின்றது.

இதன் மறுதலை கல்லூரி மாணவரிடம் நிகழ்கின்றது. லேசர் அச்சுப்பொறியின் ஏழு படிநிலைகளையும் அவர் வரிசை பிறழாமல் ஒப்பிப்பார். அச்சிட்ட எழுத்துகள் விரல் பட்டால் அழிகின்றன, பழுது எங்கே என்று கேட்டால் தயங்குவார். டோனரை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தாளில் பதிக்கும் ஃபியூசர் ஆறாம் படியில் வருவது அவருக்கு வரிசை எண்ணாகவே தெரியும். படியையும் அறிகுறியையும் அவர் இணைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது வகை மொழி சார்ந்தது. இத்தேர்வு தமிழில் நடத்தப்படுவதில்லை. ‘தொழில்நுட்பர் முதலில் செய்ய வேண்டியது எது’, ‘மிகச் சிறந்த தீர்வு எது’ என்னும் வகையிலான ஆங்கில வினாக்களில் நான்கு விடைகளும் ஓரளவு சரியாகவே தோன்றும். ‘முதலில்’ என்னும் ஒரு சொல்லே விடையை முடிவுசெய்யும். தமிழ்வழி பயின்றவர் இச்சொல்லைத் தவறவிட்டு, அதனை வலையமைப்பு அறிவின் குறையாகக் கருதி அப்பாடத்தையே மீண்டும் படிப்பதுண்டு. வினாவைத் தமிழில் தம் சொற்களில் சொல்லிப் பார்த்து மீண்டும் விடையளித்தல் எளிய சோதனை. அப்போது சரியான விடை வந்தால் குறை பாடத்தில் இல்லை.

தெரியும் என்னும் மயக்கம்

குறிப்பேட்டைப் பன்முறை வாசிப்பதால் குறை வெளிப்படாது என்பதற்குச் சோதனைச் சான்று உண்டு. கார்பிக்கேவும் ரோடிகரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 40 சுவாகிலி-ஆங்கிலச் சொல்லிணைகளைக் கற்றனர். ஒருமுறை நினைவுகூர்ந்த சொற்களையும் தொடர்ந்து சோதித்துக்கொண்டோர் ஒரு வாரத்திற்குப்பின் ஏறத்தாழ 80 விழுக்காடு நினைவில் வைத்திருந்தனர். அச்சொற்களைச் சோதனையிலிருந்து நீக்கியோர், மீண்டும் படித்திருந்தபோதும், 35 விழுக்காட்டை ஒட்டியே நின்றனர். ஆயினும் எல்லாக் குழுவினரும் தமக்குப் பாதியளவு நினைவிருக்கும் என்றே கணித்திருந்தனர். தம் நலிவைத் தாமே உணர்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை எத்துணை வலுவற்றது என்பதை இதனால் அறியலாம்.

தமிழ் மரபு இதனை வேறொரு வகையில் கண்டிருக்கின்றது. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்டலின் வரலாற்றைக் கூறுமிடத்து, ஆசிரியரிடம் கேட்பதால் காற்பங்கும் உடன்கற்போரோடு பயில்வதால் காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்கின்றது. விரித்துரைக்கும்போது நா தடுமாறும் இடமே நலிந்த இடம். மேற்சொன்ன இருதிறத்தாரும் இணையாக அமர்ந்து, கடைத் தொழில்நுட்பர் 169.254 முகவரியின் காரணத்தையும் கல்லூரி மாணவர் டி568பி முறையில் எட்டுக் கம்பிகளின் வண்ண வரிசையையும் ஒருவருக்கொருவர் செய்துகாட்டி விளக்குவது இவ்வட்டாரத்திற்கு மிகப் பொருந்தும் பயிற்சி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பேச்சுத் தமிழிலேயே விளக்கலாம். கலைச்சொல் மட்டும் தேர்வில் வருமாறு இருந்தால் போதும்.

கசிந்த வினாத்தொகுப்புகளை மனனம் செய்வது தேர்வு விதிகளுக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, வெப்பமானியை வெந்நீரில் நனைத்துக் காய்ச்சலை அளப்பதற்கு ஒப்பானது.

சரிபார்த்தலும் பதிவும்

ஏ பிளஸ் பாடத்திட்டம் கற்பிக்கும் பழுதறிமுறை ஆறு படிகளைக் கொண்டது: சிக்கலை இனங்காணல், காரணத்தைக் கருதுதல், அக்கருத்தைச் சோதித்தல், திட்டமிட்டுச் செயற்படுத்தல், முழுமையாக இயங்குவதைச் சரிபார்த்தல், பதிவுசெய்தல். கற்போர் பெரும்பாலும் நான்காம் படியோடு நின்றுவிடுகின்றனர். திருத்திய பகுதியை ஒரு வாரம் கழித்து, முன்பு பாராத வினாக்களால் மீண்டும் சோதிக்க வேண்டும். பழைய மாதிரித் தேர்வையே எழுதினால் நினைவில் நிற்பது விடையின் எழுத்து மட்டுமே. பதிவேட்டில் நாள், பாடநோக்கம், பிழையின் வகை, உறுதி அல்லது ஐயம் என்னும் நான்கு பத்திகள் போதுமானவை. உண்மைத் தேர்வின் மதிப்பெண் அறிக்கை, தவறிய வினாக்கள் எப்பாடநோக்கங்களைச் சேர்ந்தவை என்று பட்டியலிடுகின்றது, வினாக்களைத் தருவதில்லை. முன்னரே பதிவேடு வைத்திருப்பவர்க்கே அப்பட்டியல் பொருள் தரும்.

பழைய நூல்களை வாங்கிப் பயில்வோர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் 20 விழுக்காடாக இருந்த வலையமைப்பு 2025 பதிப்பில் 23 ஆகவும், கோர் 2இல் 25 விழுக்காடாக இருந்த பாதுகாப்பு 28 ஆகவும் உயர்ந்துள்ளன. பழைய பங்கீட்டில் கணித்த நலிவு வரிசையைப் புதிய பங்கீட்டில் மறுபடியும் கணித்த பின்னரே தேர்வு நாளைக் குறித்தல் தகும்.