சிவப்பரிசியும் வெள்ளையரிசியும்: கலப்பு விகிதக் கணக்கு

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆயினும் வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதிச் சிறு வயல்களில், மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசி நெல்லின் மகரந்தம் அயலிலுள்ள வெள்ளையரிசி நெல்லில் அரிதாய்ப் படுவதுண்டு. அவ்விதையிலிருந்து எழும் பயிரின் மணிகளை உமி நீக்கிப் பார்த்தால் யாவும் சிவப்பாயிருக்கும். வெள்ளை மறைந்து நிற்கும்.

நிறம் ஒரே காரணியால் அமையுமிடத்து, இப்பயிரின் மகரந்தத்திற் பாதி வெள்ளைக் காரணியைத் தாங்கும். சூல்களிலும் பாதி அவ்வாறே. பாதியிற் பாதி கால். ஆகவே அடுத்த தலைமுறையில் நான்கு பயிருக்கு ஒன்று வெள்ளை, மூன்று சிவப்பு. 1866 இல் மெண்டல் பட்டாணியைக் கொண்டு வெளியிட்ட விகிதமும் இதுவே. 80 பயிரில் 20 வெள்ளையை எதிர்பார்க்கலாம். 17 அல்லது 24 காணப்படினும் கணக்குப் பிழையன்று.

எண்ணவேண்டியது பயிரை, மணியையன்று. நிறம் தாய்ப்பயிரின் பகுதியாகிய தவிட்டுத் தோலில் உள்ளமையால் ஒரு பயிரின் மணிகளெல்லாம் ஒரே நிறமுடையன. ஒரே கதிரில் இரு நிறத்தையும் தேடுவோர் வீண் சிரமப்படுவர்.

வெள்ளைப் பயிரின் விதையை அப்படியே விதைநெல்லாக வைக்கலாம். சிவப்பு மூன்றில் இரண்டோ வெள்ளையை மறைத்து வைத்திருக்கும். சிவப்பு விதைநெல் வேண்டுவோர் ஒவ்வொரு பயிரின் கதிரையும் தனித்தனி வரிசையாக விதைத்து, வெள்ளை தோன்றாத வரிசையையே தெரிதல் வேண்டும். வரிசைக்கு 16 பயிராவது இருப்பின், மறைந்த வெள்ளை தப்பிப்போவது நூற்றில் ஒரு முறையே.