இடமும் பெயரும்

1906 ஏப்ரலில் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்டா டீட்டர் இறந்தபோது அவருக்கு வயது 55. கையில் எழுதுகோலைக் கொடுத்தால் தன் பெயரைக்கூட எழுதி முடிக்க முடியாத நிலையில் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளை அங்கே கழித்தவர். அவருடைய மூளை மியூனிக்கில் இருந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமரிடம் போய்ச் சேர்ந்தது. அல்சைமர் அதை மெல்லிய சீவல்களாக வெட்டினார். மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி சில ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கியிருந்த வெள்ளி உப்பு முறையில் நிறமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்குள்ளே இழை முடிச்சுகள் கருத்துத் தெரிந்தன. வெளியே, மூளைப் புறணி எங்கும், சிறுசிறு படிவுகள் கிடந்தன. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று ட்யூபிங்கனில் இதைப் பற்றி அவர் பேசி முடித்தபோது, அவையிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை.

வெள்ளி காட்டியது இடத்தை மட்டும்தான். அந்தப் படிவு எந்தப் பொருளால் ஆனது என்று அதனால் சொல்ல முடியவில்லை. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1984இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னரின் குழு, இறந்த அல்சைமர் நோயாளிகளின் மூளைச் சவ்விலுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தது. படிவுகளிலும் அதே புரதம்தான் இருக்கிறது என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. பெயர் கிடைத்தது. ஆனால் இப்படிப் பெயர் தெரிய வேண்டுமானால் திசுவை அரைத்துக் கரைக்க வேண்டும். கரைத்த குழம்பில் எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது அழிந்துவிடும். ஒளிரும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு ஒரு மூலக்கூறை அதன் இடத்திலேயே அடையாளம் காணும் வழி 1940களிலேயே வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாததைத் தேட அது உதவாது.

2016இல் ஸ்டாக்ஹோமில் யோவாகிம் லுண்டபெரி, யோனாஸ் ஃபிரிசேன் ஆகியோரின் குழு வெளியிட்ட முறை இந்தத் தடையை உடைத்தது. கண்ணாடித் தகட்டில் ஏறத்தாழ ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றும் 100 மைக்ரான் அகலம். ஒவ்வொரு புள்ளியிலும் அதற்கே உரிய குறியீடு கொண்ட டி.என்.ஏ. இழைகள் ஒட்டப்பட்டிருக்கும், நம் அஞ்சல் பின்கோடு மாதிரி. மேலே திசுச் சீவலை வைத்து அணுக்களைத் திறந்துவிட்டால், அவற்றின் ஆர்.என்.ஏ. நேர்கீழே உள்ள இழைகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிப் படித்தாலும், எந்த மரபணு எந்த இடத்தில் இயங்கியது என்பதைக் குறியீடு சொல்லிவிடும். அணுக்களைத் திறப்பதற்கு முன்பே அதே சீவலுக்கு ஹெமடாக்சிலின், இயோசின் சாயமிட்டுப் படமெடுக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்தச் சாயங்கள் இல்லாமல் இந்த வரைபடத்துக்கு அடித்தளமே இல்லை.

2020இல் பெல்ஜியத்தின் லூவனில் இந்த முறையைக் கொண்டு அல்சைமர் நோயை ஒத்த நிலை உருவாக்கப்பட்ட எலிகளின் மூளையைப் பார்த்தார்கள். படிவு பெருகப் பெருக அதைச் சுற்றி 57 மரபணுக்கள் சேர்ந்து எழுந்தன. பல, உடலின் தற்காப்போடு தொடர்புடையவை. நரம்பணுக்களைப் பேணும் துணையணுக்கள் படிவைச் சூழ்ந்து தங்கள் நடத்தையையே மாற்றிக்கொள்கின்றன. மாற்றங்களில் பெரும்பாலானவற்றை எலி, மனித மூளைச் சீவல்களில் வேறொரு முறையாலும் உறுதிசெய்தார்கள்.

துணையணுக்களின் இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிய செய்தி. அமிலாய்டை அகற்றும் லெகனெமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் முழு ஒப்புதல் அளித்தது. அது மறதியின் வேகத்தை ஓரளவு குறைக்கிறதே தவிர நிறுத்துவதில்லை. அப்படியானால் படிவைப் போலவே அதன் அக்கம்பக்கத்தையும் கவனித்தாக வேண்டும். ஆனால் 100 மைக்ரான் புள்ளிக்குள் பல அணுக்கள் கலந்துவிடும். இறந்தவரின் மூளையோ நோயின் கடைசிக் கட்டத்தையே பெரும்பாலும் காட்டும். துணையணுக்களின் மாற்றம் நோயை வளர்க்கிறதா, தடுக்கப் போராடுகிறதா என்பதற்கு விடை காண, இன்னும் நுண்ணிய புள்ளிகளோடு, நோயின் தொடக்க நிலையில் இருந்த மூளைகளை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.