ஐயாற்றங்கரையில் ஒரு தூண்டில்

கொல்லிமலைக்குப் புறப்பட்ட அன்று எங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஒரு மூங்கில் தூண்டிலும் வந்து சேர்ந்துகொண்டது. கம்பளி, பிளாஸ்க், புளியோதரைத் தூக்கு, தைலப் புட்டி முதலிய சகல சாமான்களுக்கும் அனுமதி வழங்கிய என் மாமியார், அதைக் கண்டதும், "இது எதுக்கு?" என்றார்.

"தாத்தாவோட தூண்டில், பாட்டி!" என்றான் என் மகன்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

என் மாமனார் முசிறிக்காரர். காவிரிக் கரையில் தூண்டில் போட்டு வளர்ந்தவர். "வர்ற லீவுல உனக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தரேன்" என்று பேரனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். லீவு வந்தது, அவர் இல்லை. தை மாதம் காலமாகிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் வாங்குவதும் நின்றுவிட்டது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. வாங்கி வா என்றும் யாரும் சொல்லவில்லை.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பையன் எண்ணிக்கொண்டே வந்தான். என் கணவரோ நாற்பதாவது வளைவுக்கு அப்புறம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். (காரை அவர் ஓட்டவில்லை என்பதை வாசகிகளின் நிம்மதிக்காகச் சொல்லிவிடுகிறேன்.) மேலே போனால் மிளகுக் கொடிகள், காப்பித் தோட்டம், பலா மரங்கள். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு பாடும் வள்ளல் அவன். அவன் அம்புக்குத் தப்பியது மீன் ஒன்றுதான் போலும்!

மறுநாள் காலை அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். அப்பரும் சம்பந்தரும் தேவாரத்தில் பேர் சொல்லிக் குறிப்பிட்ட ஸ்தலம். இந்தச் சுவாமி மீது அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகத்தை அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். கோயிலை ஒட்டி ஐயாறு ஓடுகிறது. கோடையானதால் ஆறு சிறுத்து, பாறைகளுக்கு நடுவே மடுமடுவாகத் தேங்கியிருந்தது. அந்த மடுக்களில்தான் மீன்கள்! கரையில் நின்று ஒரு கைப்பிடிப் பொரியை வீசினால் போதும். தண்ணீரே கொதிக்கிறாற்போல் திரண்டு வருகின்றன. மனிதர்களைக் கண்டு கொஞ்சமும் பயமில்லை.

பையனுக்கு இருப்புக் கொள்ளுமா? காருக்கு ஓடிப் போய்த் தூண்டிலை எடுத்து வந்துவிட்டான். தங்கூசி நரம்பைப் பிரித்து, முள்ளில் பொரியைக் குத்தப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படியில் உட்கார்ந்திருந்த மலைவாசிப் பெரியவர் ஒருவர் மெதுவாக எழுந்து வந்தார்.

"சாமி மீனு, தம்பி. தூண்டில் போடக் கூடாது."

அதட்டலே இல்லை. பக்கத்தில் உட்கார்த்திவைத்துக் கதையும் சொன்னார். முன்னொரு காலத்தில் யாரோ ஒருவன் இந்த ஆற்று மீனைப் பிடித்துத் துண்டு துண்டாக அறுத்துச் சட்டியில் போட்டு அடுப்பில் ஏற்றினானாம். கொதி வந்ததும் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, முழு மீனாகத் துள்ளி ஆற்றுக்கே போய்விட்டதாம். அன்று முதல் இங்கே மீன் பிடிப்பதில்லை.

"அப்போ அந்த மீனுக்குத் தழும்பு இருக்குமா?" என்று கேட்டான் பையன்.

"சாமிக்கே தலையில தழும்பு இருக்கே!" என்றார் பெரியவர். நிலத்தை உழுதபோது ஏர்க்கொழு பட்டு லிங்கம் வெளிப்பட்டதென்பது இந்தக் கோயிலின் வரலாறு.

பையன் தூண்டிலைச் சுருட்டிவிட்டான். ஆனால் உதடு துடித்தது. வாக்குக் கொடுத்தவர் வரவில்லை. வந்த இடத்திலும் தடை. பத்து வயசுக்கு அது பெரிய துக்கந்தான்.

அந்தத் தடையில் எத்தனை சூட்சுமம் இருக்கிறதென்பது எனக்குப் பிற்பாடுதான் புலப்பட்டது. கோடையில் ஆறு வற்றும்போது மீன்களுக்கெல்லாம் புகலிடம் இந்த மடுக்கள்தாம். அங்கேயும் வலை வீசினால் வம்சமே போச்சு. விட்டுவைத்தால், மழை பெய்து வெள்ளம் வந்ததும் அவையே ஆறு முழுவதும் பரவிக் குஞ்சு பொரிக்கும். கர்நாடகத்தில் சிருங்கேரி மடத்தருகே துங்கை ஆற்றிலும், சிசிலா என்ற ஊரில் கபிலா ஆற்றிலும் இப்படியே சுவாமி மீன்கள் உண்டு. சிசிலாவில் 1996-ல் யாரோ பாவிகள் ஆற்றில் விஷம் கலந்துவிட, மீன்கள் கூட்டங்கூட்டமாக மிதந்தன. ஊரார் அவற்றுக்கு நினைவுச் சின்னமே எழுப்பியிருக்கிறார்கள்.

அங்கே இருப்பது மஹசீர் என்னும் ஜாதி. அதன் உறவான காவிரி மஹசீர் ஒன்றை 1946-ல் மைசூர் வான் இங்கன் துரை கபினி ஆற்றில் தூண்டில் போட்டே பிடித்தார். எடை 120 ராத்தல், அதாவது 54 கிலோ! ஒரு பெரிய மனுஷியின் எடை. கூன் முதுகுள்ள அந்தக் காவிரி மீனுக்கு முறையான விஞ்ஞானப் பெயர் நிச்சயமானதே 2018-ல்தான்; அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. பேர் வைத்த கையோடு பிரியாவிடைக்கும் நாள் பார்ப்பதுபோல் இருக்கிறது. நம் ஐயாறும் மலையிறங்கிக் காவிரிக்குப் போகிற ஆறுதான்.

ஆகாய கங்கை அருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போது பேசிக்கொண்டே இறங்கினோம். ஏறும்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் கோயில் வாசலிலேயே உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடுவது உத்தமம். என் மாமியார் அப்படித்தான் செய்தார்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் மிளகு விவசாயி. இரவுச் சாப்பாட்டின்போது பையன் முகத்தைப் பார்த்துச் சங்கதியை விசாரித்தார். "இவ்வளவுதானே? நம்ம குட்டையில ஜிலேபி கிடக்குது. காலையில வந்து போடட்டும்" என்றார்.

ஜிலேபி என்றதும் நாக்கில் நீர் ஊற வேண்டாம், அதுவும் மீன்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி 1952-ல் நம் நாட்டுக்கு வந்த திலேப்பியா. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். அவ்வளவு அருமையான தாயார்! அதனாலேயே வரம்பில்லாமல் பெருகி, நம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் குட்டைக் கரைக்குப் போனோம். என் கணவர் ஊசியில் நூல் கோப்பவர்போல முள்ளோடு மல்லாடினார். பையன் தக்கை அசைந்தபோதெல்லாம் வெடுக்கென்று இழுத்தான். ஒவ்வொரு தடவையும் வெறும் முள்தான் வந்தது. அரை மணி நேரம் இப்படிப் போயிற்று. அப்போது போர்வையைப் போர்த்திக்கொண்டு மாமியார் இறங்கி வந்தார்.

"பொரி கரைஞ்சு போயிடும். மண்ணைக் கிளறிப் புழு எடு" என்றார். குனிந்து புழுவை முள்ளில் கோத்தார். தக்கையை ஒரு சாண் கீழே தள்ளி முடிந்தார். "தக்கை ஆடினா சும்மா இரு. அது மோந்து பாக்குது. முழுகினா சுண்டு."

நாங்கள் வாயடைத்து நின்றோம். "உங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?" என்றேன்.

"நாப்பது வருஷமா முசிறிக் கரையில அவர் பக்கத்துல யார் உக்காந்திருந்தது? புழு குத்திக் குடுத்ததெல்லாம் நான்தான்" என்றார், தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தக்கை ஆடியது. பையன் மூச்சை அடக்கினான். தக்கை முழுகியது. "சுண்டுடா!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் மரத்துப் பட்சிகள் பறந்தன. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி ஒன்று புல்லில் விழுந்து துள்ளியது.

மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பிடித்தார்கள், பாட்டியும் பேரனும். வீட்டுக்காரர் தோட்டத்து மிளகை அரைத்து மாமியாரே குழம்பு வைத்தார். பையன் அடுப்படியை விட்டு நகரவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பார்க்கிறே?" என்றேன்.

"துண்டெல்லாம் சேருதான்னு பார்க்கிறேம்மா."

சேரவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தம் இலையிலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார் மாமியார்.