பெரிய துளை போட அளவு மாற்றும் கட்டர்

சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் வெள்ளாற்று அணைக்கட்டுப் பாசனத்திலும் வீராணம் ஏரிப் பாசனத்திலும் நெல் பயிராகிறது. எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கே இருப்பதால் கரும்பு போடுவோரும் பலர். நெல்லோ கரும்போ, எந்த விவசாயிக்கும் ஆண்டில் இரண்டு மூன்று தடவையாவது ஒரு பெரிய துளை தேவைப்படுகிறது. சொட்டு நீருக்கு உரம் கரைக்கும் டிரம்மில் குழாய் பொருத்த, மாட்டுத் தொட்டிக்கு வடிகால் வைக்க, தகரக் குதிரில் விதை எடுக்கும் வாய் அமைக்க, பத்தாயப் பலகையில் ஓட்டை போட என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

சிறு துளைக்கு டிரில் பிட் போதும். ஒரு அங்குலத்துக்கு மேல் போனால்தான் சிக்கல். வட்டம் வரைந்து, அதன் மேல் வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, உளியால் தட்டி எடுப்பது பழைய வழக்கம். இப்படி எடுத்த துளையின் ஓரம் பல் பல்லாக நிற்கும். ரப்பர் வாஷர் அதன் மேல் சரியாக உட்காராது. டிரம் நாளெல்லாம் ஒழுகும். கரைத்த உரமும் மண்ணோடு போகும். கேஸ் வைத்து வெட்டினால் துத்தநாகம் பூசிய தகட்டின் பூச்சு எரிந்து, அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். அந்தப் புகையை சுவாசித்தால் காய்ச்சலும் வரும்.

கருவியின் அமைப்பு

இதற்கு உதவுவது அளவு மாற்றும் கட்டர். சர்க்கிள் கட்டர் என்றும் டேங்க் கட்டர் என்றும் இதற்குப் பெயர் உண்டு. நடுவில் கால் அங்குல டிரில் பிட் ஒன்று இருக்கும். அதற்குக் குறுக்கே ஒரு கம்பி. கம்பியின் முனையில் எஃகு வெட்டுப் பல் கீழ்நோக்கி நிற்கும். திருகைத் தளர்த்திக் கம்பியை நகர்த்தினால் வட்டம் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகும். பள்ளிப் பிள்ளைகள் வட்டம் வரையும் கவராயத்தின் வேலைதான் இது. பென்சிலுக்குப் பதில் வெட்டுப் பல்.

மரத்துக்கான கருவி சற்று வேறு. அதன் நடுவில் திருகாணி போன்ற முனை இருக்கும். அது மரத்தில் தானே இறங்கிக் கருவியையும் உள்ளே இழுக்கும். பக்கத்தில் நகரும் வெட்டு அலகு உண்டு. அமெரிக்காவில் வில்லியம் கிளார்க் என்பவர் 1858-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் தச்சர்களின் கைத்துறப்பணத்தில் பொருந்துவது இவ்வகையே.

ஹோல் சா எனப்படும் வட்ட ரம்பம் வேகமாக வெட்டும். ஆனால் அளவுக்கு ஒன்றாக வாங்க வேண்டும். எப்போதாவது வெவ்வேறு அளவில் துளை போடுகிறவருக்கு அளவு மாற்றும் கட்டர் ஒன்றே போதும்.

அளவில் ஏமாற வேண்டாம்

பல டிரம்கள் பாழாவது அளவுத் தவறால்தான். இரும்புக் குழாயில் ஒரு அங்குலம் என்பது பெயரளவு. அதன் வெளி விட்டம் 25 மி.மீ. அல்ல, 33.7 மி.மீ. ஒன்றரை அங்குலக் குழாயின் வெளி விட்டம் 48.3 மி.மீ.; இரண்டு அங்குலத்துக்கு 60.3 மி.மீ. விவசாயத்துக்கு வாங்கும் பி.வி.சி. குழாயை வெளி விட்டத்தாலேயே குறிப்பார்கள். 63 மி.மீ. குழாய் என்றால் வெளியே 63 மி.மீ. தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் துளை சிறுத்தோ பெருத்தோ போகும். சிறுத்ததை அரத்தால் சரி செய்யலாம்; பெருத்ததை அடைப்பது கடினம்.

அளவுகோல் கருவி இல்லாதவர் ஒரு காகித நாடாவைப் பொருத்தப் போகும் மரையின் மேல் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிக் குறித்துக்கொள்ளலாம். அந்த நீளத்தை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். நாடா 106 மி.மீ. வந்தால் விட்டம் 33.7 மி.மீ. துளையை 34 மி.மீ. போடலாம்.

கட்டரில் நடு பிட்டின் மையத்திலிருந்து பல்லின் வெளி ஓரம் வரை, வேண்டிய துளையில் பாதி அளவு இருக்க வேண்டும். 34 மி.மீ. துளைக்கு 17 மி.மீ. பல்லை ஒரு மி.மீ. நகர்த்தினால் துளை இரண்டு மி.மீ. மாறும் என்பது நினைவிருக்கட்டும். வெட்டி எடுக்கும் வில்லைதான் தேவை என்றால் பல்லின் உள் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும்.

வெட்டும் முறை

1. மையத்தில் சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டிக் குறி போட வேண்டும்.

2. தகட்டுக்கு அடியில் மரப்பலகை வைத்து, இரண்டையும் அசையாமல் இறுக்க வேண்டும்.

3. முதலில் வேண்டாத தகட்டுத் துண்டில் வெட்டி, மரை நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

4. நடுத் துளை விழுந்த பின், பல் தகட்டைத் தொடும்போது லேசாக மட்டும் அழுத்த வேண்டும். இரும்புக்கு அவ்வப்போது எண்ணெய் விட வேண்டும்.

5. வெட்டு முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் பல் மாட்டிக்கொண்டு முறியும்.

6. ஓரத்துப் பிசிரை அரை வட்ட அரத்தால் ராவி, இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து நட்டை இறுக்க வேண்டும்.

மரத்தில் நடுத் திருகின் நுனி மறுபக்கம் தெரிந்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பிப் போட்டு மீதியை வெட்டினால் சிம்பு எழாது.

டிரம்மின் வளைந்த பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. 200 லிட்டர் டிரம்மில் 34 மி.மீ. துளைக்கு வளைவால் வரும் ஏற்றத்தாழ்வு அரை மி.மீ. அளவுதான், தொல்லை இல்லை. 63 மி.மீ. துளைக்கு அது இரண்டு மி.மீ.யை நெருங்கும். பல் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் படாமலும் சுற்றும். அத்தகைய துளைக்கு ஹோல் சாவே ஏற்றது. அல்லது தட்டையான மூடியில் போட்டுக்கொள்ளலாம்.

உர டிரம்முக்கு பிளாஸ்டிக்கே நல்லது; உரக் கரைசல் இரும்பை அரிக்கும். துளையை அடியிலிருந்து சுமார் இரண்டு அங்குலம் மேலே வைத்தால் கரையாத கசடு கீழே தங்கும், சொட்டுவானில் ஏறாது.

கையைக் காக்க

இந்தக் கட்டரின் பல் ஒரே பக்கத்தில் இருப்பதால் எடை சமமாக இராது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓடும் கை டிரில்லில் இதை ஒருபோதும் மாட்டக்கூடாது. பல் சிக்கினால் டிரில்லே சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். இரும்புத் தகட்டில் 34 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்கு 110 சுற்று, 63 மி.மீ. துளைக்கு 60 சுற்று அளவே போதும். கைத்துறப்பணத்தில் சுற்றுவது பாதுகாப்பானது. பட்டறையின் பெஞ்ச் டிரில்லில் போட்டால் மிகக் குறைந்த வேகத்தில் பெல்ட்டை மாட்டச் சொல்ல வேண்டும். சுழலும் கம்பி கண்ணுக்குத் தெரியாது; அருகில் விரல், துண்டு, வேட்டி நுனி எதுவும் போகக்கூடாது. கண்ணாடி அணிவது அவசியம்.

டீசல், பெட்ரோல், தின்னர் இருந்த காலி டிரம்மில் ஆவி தங்கியிருக்கும். அதன் மேல் கேஸ் வைத்தால் வெடிக்கும், உயிரே போகும். கட்டரால் வெட்டுவதானாலும் முதலில் நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகே கை வைக்க வேண்டும். பூச்சி மருந்து வந்த டிரம்மை எவ்வளவு கழுவினாலும் தீவனம், தானியம், குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது.

வாங்கும்போது குறுக்குக் கம்பி ஆடுகிறதா, திருகு இறுக்கிய பின் பல் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சில துளைகளே தேவை என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, பம்பு செட் மெக்கானிக்கிடம் வைத்துக்கொள்ளலாம். மழுங்கிய பல்லைச் சாணை பிடித்து, எண்ணெய் தடவி வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும்.