பசும் இலையில் பதிந்துள்ள தாய்வழி

ஜொகூர் மாநிலத் தோட்டங்களில், லயன் வீடுகளின் பின்புறத்திலும் எல்லை ஓரங்களிலும் மா, பாச்சாங், குவினி ஆகிய மரங்களை நாம் காண்கிறோம். மா இந்திய நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டது. பாச்சாங் இம்மண்ணின் காட்டு மரம். குவினியோ காட்டில் தானாக வளர்வதில்லை; மனிதர் நட்ட இடங்களில் மட்டுமே உள்ளது. அவ்வாறாயின் அது எங்கிருந்து வந்தது? குவினி, மாவுக்கும் பாச்சாங்குக்கும் பிறந்த கலப்பினமே என்று 2002ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வொன்று உறுதிப்படுத்தியது.

மரத்தின் மரபை அறிய ஆய்வாளர்கள் இலையையே நாடுகின்றனர். இலைக்குப் பசுமை தருவது பசுங்கணிகம் என்னும் நுண்ணிய உறுப்பாகும். சூரிய ஒளியைக் கொண்டு மரத்திற்கு உணவு ஆக்குவதும் இதுவே. இதனுள் தனியானதொரு மரபுத்தொகுதி உண்டு. நால்வகை இரசாயனக் கூறுகள் எழுத்துகளைப்போல் வரிசையாக அமைந்ததே மரபுத்தொகுதி. மாமரத்தின் உயிரணு உட்கருவில் ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள் உள்ளன. பசுங்கணிகத்திலோ ஏறத்தாழ 157,000 மட்டுமே. உட்கருவில் தாய், தந்தை இருவரின் பங்கும் கலந்திருக்கும். பசுங்கணிகமோ பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய் மரத்திடமிருந்து மட்டுமே வருகிறது. மேலும், அது மிக மெதுவாகவே மாறுகிறது. ஆகவே, காட்டு மரத்தின் எழுத்து வரிசையையும் தோட்ட மரத்தின் வரிசையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தாய்வழி புலப்படும்.

இனிப்பு ஆரஞ்சு இதற்குத் தக்க சான்றாகும். அதன் உட்கருவில் பம்பளிமாசின் பங்கும் மண்டரின் ஆரஞ்சின் பங்கும் கலந்துள்ளன. பசுங்கணிகமோ பம்பளிமாசினுடையது. எனவே, ஆரஞ்சின் தாய்வழி பம்பளிமாசு என்பது தெளிவாயிற்று.

இதனால் நமக்கு என்ன பயன் எனச் சிலர் வினவலாம். நாம் பால் வெட்டும் ரப்பர் மரமே இதற்கு விடை கூறும். 1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. இவ்வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் இத்தகைய குறுகிய மரபிலிருந்து பெருகியவையே. ஒரே மரபுடைய மரங்களில் ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். தென் அமெரிக்காவில் இலைக்கருகல் நோய் ரப்பர்த் தோட்டங்களை அழித்தது. மரபு வளத்தை விரிவாக்கும் பொருட்டு, 1981இல் பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று மீண்டும் அமேசான் காடுகளுக்குச் சென்று விதைகளைத் திரட்டியது. அவற்றில் ஒரு பகுதி மலேசியாவுக்கும் வந்தது. காட்டு மரங்கள் நிலைத்திருந்ததாலேயே இம்முயற்சி இயன்றது.

பழ மரங்களுக்கும் இதே நியதிதான். நோயைத் தாங்கும் ஆற்றலும் பிற நற்குணங்களும் காட்டு உறவுகளிடம் மறைந்திருக்கலாம். வெட்டப்பட்ட மரத்தின் மரபை எந்த ஆய்வுக்கூடமும் மீட்டுத் தர இயலாது. மறுநடவுக்காக நிலத்தைத் துப்புரவு செய்யும்போது எல்லை ஓரத்தில் பாச்சாங் போன்ற பழமையான பழ மரம் நின்றால், கோடரியை எடுக்கும் முன் நிர்வாகத்திடம் தெரிவிப்போம். அதை விட்டுவைக்க வழியில்லையெனில், விதைகளைச் சேகரித்து வேறிடத்தில் ஊன்றுவோம். நம் பிள்ளைகளுக்கும் அம்மரங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்போம். பெயர் தெரிந்த மரத்தை எவரும் களையென எண்ணி வெட்டமாட்டார்.