வைஃபை இணைப்பு வரவில்லையா? வாசலிலிருந்து தேடுங்கள்!



இஷா தொழுகை முடிந்துவிட்டது. ஜித்தாவில் பணிபுரியும் வாப்பா அழைக்கும் நேரம். பிள்ளைகள் கணிப்பொறியின் முன் ஆவலோடு அமர்ந்திருக்கிறார்கள். திரையிலோ, ‘இணைய இணைப்பு இல்லை’ என்ற ஒற்றை வரி!

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், லால்பேட்டை என நம் பகுதியின் பல இல்லங்கள் அறிந்த காட்சி இது. பொருளீட்டக் கடல் கடந்தவரின் முகத்தைப் பிள்ளைகள் காண்பது இந்த இணைப்பின் வழியாகத்தான். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பள்ளிப் பாடமும் இதன் வழியேதான் வீட்டுக்குள் வந்தது. அது அறுந்தால் ஆண்மக்கள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சிறிது பொறுமையும் ஓர் ஒழுங்கும் இருந்தால் பெரும்பாலான குறைகளை நீங்களே நீக்கிவிடலாம்.

குறை எங்கே?

இணையம் மூன்று கண்ணிகளைக் கடந்து வருகிறது: தெருவிலிருந்து வரும் கம்பி, வீட்டிலுள்ள ரவுட்டர் பெட்டி, கணிப்பொறி. அறுந்த கண்ணி எது என்பதை முதலில் அறியுங்கள். கைபேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, அதை வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதிலும் இணையம் வராவிட்டால் கணிப்பொறியின்மீது பழியில்லை.

அப்போது ரவுட்டரைப் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், கண்ணாடி இழை வழியே வரவேண்டிய ஒளி வரவில்லை என்பது பொருள். இழை எங்கேனும் அறுந்தோ மடங்கியோ இருக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய தானே புயலில் மின்கம்பங்கள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. எனவே காற்று மழைக்குப் பின் முதலில் நோக்க வேண்டியது இந்த விளக்கையே. சிவப்பு எரிந்தால் இணைப்புத் தந்தவரிடம் தெரிவியுங்கள். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். சிவப்பு இல்லையெனில், ரவுட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள்.

கைபேசியில் வருகிறது, கணிப்பொறியில் இல்லையா?

‘ஏர்பிளேன் மோடு’ தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம், அதை விலக்குங்கள். மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் வைஃபை வாங்கியே இராது, யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு கருவி ஒன்று தேவைப்படும்.

உங்கள் வைஃபையின் பெயரே திரையில் தோன்றவில்லையா? இன்றைய ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பழைய கணிப்பொறிகள் பல முதலாவதை மட்டுமே அறியும். சுவரைக் கடப்பதிலும் 2.4 வல்லது. பருத்த சுவர்கள் கொண்ட பழைய வீடுகளில் அதுவே ஏற்றது. ரவுட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ மைக்ரோவேவ் அடுப்பின் அருகிலோ வைக்காமல், வீட்டின் நடுவே உயரத்தில் வையுங்கள்.

பெயர் தோன்றியும் இணைய மறுத்தால், ‘ஃபர்கெட்’ என்பதை அழுத்திப் பழைய பதிவை நீக்கி, கடவுச்சொல்லைப் புதிதாக இடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். இணைந்த பின்னும் பக்கங்கள் திறக்கவில்லையா? கணிப்பொறி காட்டும் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது எனக் கருதிக் கணிப்பொறி அவற்றைத் திறக்க மறுக்கும். தேதியைத் திருத்தினால் போதும்!

இறுதியாக, ரவுட்டரையும் கணிப்பொறியையும் லேன் கம்பியால் இணையுங்கள். அப்போது இணையம் வந்தால், குறை வைஃபை வாங்கியிலோ அதன் டிரைவர் மென்பொருளிலோதான். இனிப் பழுது நீக்குபவரை நாடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

கணிப்பொறியைக் கடைக்கு அனுப்புமுன் குடும்பப் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நீக்கிவிடுங்கள். வீட்டாரின் கண்ணியம் நம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?

இணைப்பு அறுந்த அவசரத்தில், அண்டை வீட்டு வைஃபையை அவர்கள் அறியாமல் பயன்படுத்தாதீர்கள். பிறர் இல்லத்தில் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயம் கற்பிக்கும் ஒழுக்கம். கடவுச்சொல்லும் ஒரு கதவுதான். கேட்டால், நல்ல அண்டை வீட்டார் மறுக்கவா போகிறார்கள்?

ஆகவே, இணைப்பு நின்றால் பதறாதீர்கள். வாசலில் தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகத் தேடுங்கள். இன்ஷா அல்லாஹ், வாப்பாவின் ஸலாம் பிள்ளைகளின் காதில் விழும்!